வலி மாத்திரை வலிக்கிற இடத்துக்கு மட்டும் போவதில்லை

சேலத்தில் வலி மாத்திரை ஓடாத தொழில் எது என்று கேட்டால் யோசிக்கத்தான் வேண்டும். குழித்தறியில் நாள் முழுக்க உட்காருபவருக்கு இடுப்பு. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் குனிந்த தலை நிமிராமல் கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைப்பவருக்குக் கழுத்து. லீ பஜாரில் மூட்டை தூக்குபவருக்குத் தோளும் முதுகும். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கிற சீசனில் சரிவில் ஏறி இறங்கும் பெண்களுக்கு முட்டி. எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது மெடிக்கல் கவுன்ட்டரில். அந்தக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற மருந்தாளுநர் நான்.

கேட்கிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். "வலிக்கு ஏதாச்சும் குடுங்கண்ணா. போன தடவை குடுத்தீங்களே, அந்த ரோஸ் கலரு." ரோஸ் நிறத்தில் வலி மாத்திரையும் உண்டு, பிரஷர் மாத்திரையும் உண்டு, நிறத்தை வைத்து மருந்து எடுத்துக்கொடுக்க முடியாது. இன்னொன்று, இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டியவை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஆர்.எக்ஸ் என்ற குறியும் சிவப்புக் கோடும் இருக்கும். "சும்மா ஒரு வலி மாத்திரைக்குப் போய் எதுக்குச் சீட்டு?" என்று கோபப்படுகிறவர்கள் நிறையப் பேர். கோபம் நியாயமாகக்கூடத் தோன்றும், அந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று தெரியாதவரை. அது தெரிந்துவிட்டால் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வலிக்கு என்று தருகிற மாத்திரைகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு பக்கம் பாராசிட்டமால். டோலோ, கால்பால் என்று எல்லா வீட்டிலும் புழங்குவது. காய்ச்சலையும் வலியையும் குறைக்கும், வீக்கத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இன்னொரு பக்கம் வலியோடு வீக்கத்தையும் குறைப்பவை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப், மெஃபனாமிக் அமிலம், நிமெசுலைடு, பைராக்சிகாம், கீட்டோரோலாக். அட்டையில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அது இந்தக் குடும்பம். ஆஸ்பிரினும் இதே வம்சம்தான், ஆனால் இப்போது அதைப் பெரும்பாலும் இதய நோயாளிகளுக்குச் சின்ன அளவில் தருகிறார்கள். ஸ்டீராய்டு இவற்றில் சேராது, அது வேறு வகை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பக்கத்து மாத்திரைகளைப் பற்றியது.

சரி, அவை எப்படி வேலை செய்கின்றன? அடிபட்டாலோ மூட்டு தேய்ந்தாலோ அந்த இடத்துச் செல்கள் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கின்றன. அந்த இடம் சிவப்பதும், சூடேறுவதும், வீங்குவதும், லேசாகத் தொட்டாலே சுரீரென்று வலிப்பதும் பெரும்பாலும் இதன் வேலை. இதைத் தயாரிக்கிற நொதிக்கு காக்ஸ் என்று பெயர். நாம் விழுங்குகிற மாத்திரை அந்த நொதியை முடக்கிவிடுகிறது. புரோஸ்டகிளாண்டின் குறைகிறது, வீக்கம் வடிகிறது, வலி அடங்குகிறது. ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தும், அது இந்த வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி வெளியிட்டது 1971-ல்தான். அதற்காக 1982-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எழுபது வருஷத்துக்கு மேலாக, எப்படிக் கேட்கிறது என்றே தெரியாமல் உலகமே அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், புரோஸ்டகிளாண்டினுக்கு வலி உண்டாக்குவது மட்டும் வேலை இல்லை. இரைப்பையின் உட்சுவரைச் சொந்த அமிலம் அரித்துவிடாமல் காக்கிற வழவழப்பான படலம் அதன் தயவில்தான் நிற்கிறது. உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்துவைத்து ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். ரத்தம் உறைகிற விஷயத்திலும் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. மாத்திரைக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய் எல்லா இடத்திலும் நொதியை முடக்கும். வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று தெருமுனை கேட் வால்வை மூடினால் ஒழுகல் நிற்கும்தான், தெருவில் எந்த வீட்டுக்கும் தண்ணீர் வராது. மேட்டூர் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வயிறு

"சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன், அப்புறம் எப்படி அல்சர் வந்துச்சு?" என்பது அடிக்கடி கேட்கிற கேள்வி. சாப்பிட்டுவிட்டுப் போடுவது நல்லதுதான், உடனடி எரிச்சலும் குமட்டலும் குறையும். ஆனால் பெரிய சேதம் மாத்திரை வயிற்றுச் சுவரைத் தொடுவதால் வருவதில்லை. ரத்தத்தின் வழியே போய்ப் பாதுகாப்புப் படலத்தைக் குறைப்பதால் வருகிறது. அதனால் இட்லி நாலு சாப்பிட்டாலும் அந்த ஆபத்து முழுசாகப் போகாது. இதையே நீட்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். "மாத்திரை வயித்துக்கு ஒத்துக்கல, ஊசி போட்டுருங்க" என்று கேட்பதில் பலன் இல்லை. இடுப்பில் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசியும் ரத்தம் வழியாக அதே வயிற்றுக்குத்தான் வந்து சேரும்.

புண் வந்தால் வலி காட்டிக்கொடுக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. விழுங்கியிருப்பது வலி மாத்திரை அல்லவா, புண்ணின் வலியையும் அது மறைத்துவிடலாம். சிலருக்கு முதல் அறிகுறியே மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போவதுதான். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். அதில் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.) காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-க்குக் கூப்பிட வேண்டும்.

65 வயதைத் தாண்டியவர்கள், முன்பே அல்சர் வந்தவர்கள், ஸ்டீராய்டோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள், தினமும் குடிக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் ஆபத்து கூடுதல். இப்படிப்பட்டவருக்கு வலி மாத்திரை தவிர்க்க முடியாது என்றால் டாக்டர் கூடவே பேண்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாதிரி ஒன்றை எழுதுவார். நாம் கேஸ் மாத்திரை என்று சொல்வது. அதைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின்னால். இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு ஒரே மடக்கில் விழுங்குவதை நான் தினமும் பார்க்கிறேன். சீட்டில் எழுதியிருந்தும் "கேஸ் மாத்திரைதானே, அது வேண்டாம், வலிக்கு மட்டும் குடுங்க" என்று காசு மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

சிறுநீரகமும் சேலத்து வெயிலும்

என்னைக் கேட்டால் நம் ஊரில் அதிகம் பேச வேண்டியது வயிற்றைவிடச் சிறுநீரகத்தைப் பற்றித்தான். வயிறு எரிந்தாவது காட்டும், சிறுநீரகம் பெரும்பாலும் வாயே திறக்காது.

மேலே சொன்னதை நினைவில் வையுங்கள்: உடம்பில் தண்ணீர் குறையும்போதுதான் சிறுநீரகம் புரோஸ்டகிளாண்டினை ரொம்பவும் நம்பியிருக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கி, சட்டை நனைந்து காய்ந்து உப்புப் பூத்த ஒருவர், தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், சாயங்காலம் முதுகுவலிக்கு ஒரு மாத்திரை போடுகிறார். சிறுநீரகம் உதவி தேடும் நேரம் பார்த்து அந்த உதவியை நிறுத்துகிறோம். திடகாத்திரமான ஆள் ஒரு நாள் இரண்டு நாள் தாங்கிக்கொள்வார். இதையே வாரக்கணக்கில் செய்தால், அல்லது சர்க்கரை நோயும் கூட இருந்தால், கதை மாறும். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளிலும் கணக்கு இதேதான். அந்த நாட்களில் வலி மாத்திரையை நிறுத்திவைத்துவிட்டு டாக்டரைக் கேட்பது நல்லது.

இதோடு பிரஷர் மாத்திரை சேரும்போதுதான் முழு ஆபத்து. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை பிரஷருக்கும் இதயத்துக்கும் மிக நல்ல மருந்துகள், ஆனால் சிறுநீரக வடிகட்டியில் ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பவை. ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை உடம்பின் தண்ணீரை வெளியேற்றுபவை, நீர் மாத்திரை என்போம். இந்த இரண்டு வகையும் போட்டுக்கொண்டிருப்பவர் மேலே ஒரு வலி மாத்திரையும் போட்டால் மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து சிறுநீரகத்தை நெருக்கும். சில நாட்களிலேயே உப்பு ஏறிவிடலாம், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கூடிவிடலாம். பலருக்கு இதில் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பிரஷர் மாத்திரையின் பெயருக்குக் கடைசியில் "ஹெச்" என்ற ஓர் எழுத்து ஒட்டியிருந்தால், பெரும்பாலும் அதற்குள் நீர் மாத்திரையும் சேர்ந்தே இருக்கிறது. ஒரே மாத்திரைதான் சாப்பிடுகிறேன் என்று நினைப்பவர் ஏற்கனவே இரண்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு சாயங்காலம் கடைக்கு வந்த ஓர் அம்மாவைச் சொல்கிறேன். கையில் தனியார் கிளினிக் சீட்டு, முட்டி வலிக்கு அசெக்ளோஃபெனாக் 100, காலை ஒன்று இரவு ஒன்று, 5 நாள்.

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

"இல்ல சாமி, ஒண்ணும் இல்ல."

"பிரஷர், சுகருக்கு?"

"அது எப்பவும் சாப்பிடறதுதானே."

தினமும் சாப்பிடுவது அவர் கணக்கில் மாத்திரையே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், வருஷக்கணக்கில் சாப்பிட்டால் அது காபி மாதிரி ஆகிவிடுகிறது. டாக்டர் கேட்டபோதும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். பையைத் திறந்து காட்டச் சொன்னேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிற எனலாப்ரிலும் மெட்ஃபார்மினும். கால் வீக்கத்துக்கு வேறெங்கோ எழுதிய ஃபுரோசமைடு. அடியில், அரசு மருத்துவமனையில் இடுப்பு வலிக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக், பாதி தீர்ந்த அட்டை.

அதாவது சீட்டில் இருப்பதை அப்படியே கொடுத்திருந்தால் ஒரே குடும்பத்து வலி மாத்திரை இரண்டு, கூடவே சிறுநீரகத்தை நெருக்கும் மற்ற இரண்டும். இதில் இன்னொரு வளையமும் உண்டு. இந்த வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும், காலை வீங்கவைக்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை, ஏறின பிரஷருக்குக் கூடுதல் பிரஷர் மாத்திரை என்று பை கனத்துக்கொண்டே போகும். ஆரம்பித்துவைத்தது இடுப்புக்குப் போட்ட மாத்திரையாகவே இருக்கலாம். சீட்டு எழுதிய டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினேன். பாராசிட்டமாலும் முட்டிக்குத் தடவ ஒரு ஜெல்லும் என்று மாற்றிச் சொன்னார், கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார்.

ஜெல் என்றால் பலருக்கு இளக்காரம், "தடவுனா என்ன ஆவப் போவுது" என்பார்கள். டைக்ளோஃபெனாக் ஜெல்லில் ரத்தத்துக்குள் போகும் மருந்து மாத்திரையோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. முட்டி, கைவிரல் மாதிரித் தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மூட்டுகளுக்கு அது நன்றாகவே கேட்கும். இடுப்பின் ஆழத்துக்கு அவ்வளவாக எட்டாது. புண்ணில் தடவக் கூடாது, தடவின இடத்தில் துணியை இறுகக் கட்டி ஒத்தடம் கொடுக்கக் கூடாது, கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. வலிக்கிற இடமே கைவிரல் மூட்டுதான் என்றால் தடவிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கழுவ வேண்டும்.

இதயத்தைப் பற்றி

காக்ஸ் நொதியில் இரண்டு வகை. ஒன்று வயிற்றைக் காப்பதில் அதிகப் பங்கு கொள்வது, இரண்டாவது வீக்கத்தில் அதிகப் பங்கு கொள்வது. இரண்டாவதை மட்டும் அடக்கினால் வயிற்றுக்குப் பாதகம் குறையுமே என்று புது மாத்திரைகள் வந்தன. யோசனை நல்ல யோசனை, வயிற்றைப் பொறுத்தவரை பலனும் இருந்தது. ஆனால் அந்த வரிசையில் பிரபலமான ரோஃபெகாக்சிப், மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2004-ல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ரத்தம் உறைவதற்கும் உறையாமல் இருப்பதற்கும் இடையில் இருந்த தராசைத் தொட்டுவிட்டதுதான் காரணம்.

அதன் பிறகு பழைய மாத்திரைகளையும் தோண்டிப் பார்த்தார்கள். ஆஸ்பிரினைத் தவிர இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஏதோ ஓர் அளவு இந்த ஆபத்து உண்டு என்று தெரிந்தது. டைக்ளோஃபெனாக்குக்கு அது கூடுதல். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் சொன்னது. பிரஷர் 140/90-க்கு மேலேயே நின்றுகொண்டிருப்பவர்களுக்கு எட்டோரிகாக்சிப் கூடாது. ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் இபுப்ரோஃபெனும் சேர்த்தால், ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தில் இபுப்ரோஃபென் முதலில் போய் உட்கார்ந்து அதன் வேலையைக் கெடுக்கலாம். இதய டாக்டரைக் கேட்காமல் இவர்கள் எந்த வலி மாத்திரையையும் தொடக் கூடாது என்பதே என் கட்சி. மற்றவர்கள் ஒரு பல்வலிக்கு இரண்டு நாள் போட்டதற்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டியதில்லை. அளவும் நாளும் கூடக் கூட ஆபத்தும் கூடும், அவ்வளவுதான்.

வேறு சிலருக்கு

ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இந்த மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். முன்பு அப்படி ஒரு தடவை ஆகியிருந்தால் இந்தக் குடும்பமே வேண்டாம் என்று சீட்டின் தலைப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு, அதுவும் 20 வாரத்துக்குப் பிறகு, இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். டாக்டரே சொன்னாலொழியக் கூடாது. நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குத் தர 2011-லேயே இந்தியாவில் தடை. மாதவிடாய் வலிக்குப் பெண்கள் வாங்குகிற மெஃபனாமிக் அமிலம் பற்றி 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் ஓர் எச்சரிக்கை விட்டது. அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் முழுக்கத் தடிப்பு, உள்ளுறுப்பு பாதிப்பு என்று கடுமையான ஒவ்வாமை வரலாம். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்துக்கூட அது வரலாம் என்பதால் மாத்திரைக்கும் தடிப்புக்கும் முடிச்சுப் போடவே தோன்றாது.

மழைக்காலக் காய்ச்சல் தனிக் கதை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காய்ச்சலோடு உடம்பெல்லாம் முறித்துப்போட்டாற்போல் மேலுவலி என்று வருகிறவர்களில் டெங்குவும் இருக்கும். டெங்குவில் ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் ஏற்கனவே குறைந்திருக்கும். அதில் இபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ போய் ரத்தம் உறைவதையும் கெடுத்து வயிற்றையும் அரித்தால் ரத்தக் கசிவு நிற்காமல் போகலாம். என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான்.

அட்டையும் சீட்டும்

சீட்டில் "5 நாள்" என்று இருந்தால் அந்த 5 நாள்தான். அதே சீட்டை ஆறு மாதம் பர்ஸில் மடித்து வைத்து, மடிப்பு கிழிந்து, அதைச் செல்லோடேப் ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். எழுதின நாளில் உங்களுக்குப் பிரஷர் இல்லாமல் இருந்திருக்கலாம், இப்போது இருக்கலாம். பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கேட்ட மாத்திரை என்பதும் அப்படித்தான். அவர் வயிறு வேறு, உங்கள் வயிறு வேறு. "வலி இருந்தால் மட்டும்" என்று டாக்டர் சொல்லியிருந்தால் வலி இல்லாத நாளில் போட வேண்டாம். முழுசாக முடிக்க வேண்டும் என்பது ஆன்டிபயாட்டிக்குக்குச் சொல்கிற விதி, அதை இங்கே இழுத்து வராதீர்கள்.

ஒரு வலி மாத்திரை கேட்கவில்லை என்றால் அதே குடும்பத்தில் இன்னொன்றைச் சேர்ப்பதால் வலி இரண்டு மடங்கு குறையாது. தீங்குதான் கூடும். டைக்ளோஃபெனாக் என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்சம் 150 மில்லிகிராம். அதற்கு மேல் போட்டுக் கூடுதல் சுகம் எதுவும் கிடைப்பதில்லை.

பெயர்தான் இங்கே பெரிய வில்லன். கடை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பொடியாகவும் இருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது பொடி எழுத்தை. காம்பிஃப்ளாம் என்றால் இபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 இரண்டும் சேர்ந்தது. பெயருக்குப் பின்னால் "பி" என்று வருகிற அசெக்ளோஃபெனாக் மாத்திரைகளிலும் பொதுவாக 325 பாராசிட்டமால் இருக்கும். அதை இரண்டு வேளை போட்டுக்கொண்டு, காய்ச்சல் அடிக்கிறது என்று டோலோ 650-ஐ மூன்று வேளை போட்டால் அன்றைய பாராசிட்டமால் கணக்கு 2,600 மில்லிகிராம். பெரியவர்களுக்கான உச்ச அளவு 4,000-க்குள் அது அடங்கும்தான். ஆனால் ஒல்லியான உடம்பு, ராத்திரி ஒரு குவாட்டர் என்று இருப்பவரின் கல்லீரலுக்கு அந்த உச்சமே பொருந்தாது.

மாத்திரையைப் பிரித்துத் தரும்போது கத்தரிக்கோல் பெரும்பாலும் பெயரின் மேலேயே ஓடும். நாலு மாத்திரை கையில் வரும், எந்த மாத்திரை என்று யாருக்கும் தெரியாது. வெட்டும் முன் முழு அட்டையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியும் பெயரும் சேர்ந்து வரும்படி. யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். மேலே வழவழப்பாகப் பூச்சு உள்ள டைக்ளோஃபெனாக் மாத்திரையையும், "எஸ்.ஆர்" என்று போட்டதையும் உடைக்காமல், பொடி செய்யாமல் முழுசாகத்தான் விழுங்க வேண்டும். ஒன்று வயிற்றைத் தாண்டிப் போய்க் கரைய வேண்டியது, இன்னொன்று பல மணி நேரம் மெதுவாகக் கரைய வேண்டியது.

அப்புறம் இந்த "செட்டு". சேலத்தில் செட்டு என்றால் தட்டுவடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. "மேலுவலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டு, அட்டை இல்லாமல் காகிதத்தில் மடித்து நாலு மாத்திரை வாங்கினால் அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம், பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன். மறுநாள் காலையில் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கும், அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுப்புண் வாய்ப்பு பல மடங்கு. சர்க்கரையும் எகிறும். லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடி, லேகியம் எதுவும் ஓரிரு நாளில் மாயம் செய்தால் அதையும் இதே சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

வீட்டில் மிச்சமான டைக்ளோஃபெனாக்கை நொண்டுகிற மாட்டுக்குத் தவிட்டில் கலந்து வைப்பதும் நடக்கிறது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் இந்தியாவில் 2006-லேயே தடை செய்யப்பட்டது. அந்த மருந்து போட்டு இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. இந்தியாவில் அந்த இனமே ஏறக்குறைய அழிந்தது. மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து 2015-லிருந்து 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் வரக் கூடாது என்று விதி வந்ததும், அதை மாட்டுக்குப் போடுவதைத் தடுக்கத்தான். நாய்க்கும் இபுப்ரோஃபென் விஷம்.

எப்போது உடனே போக வேண்டும் என்பதில் கறுப்பு மலத்தையும் வாந்தியையும் சொல்லிவிட்டேன். சிறுநீர் சட்டென்று குறைவது, முகமோ காலோ வீங்குவது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, தோலில் கொப்புளம், உதடு தடிப்பது, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி. ஏற்காட்டு எஸ்டேட்டில் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வர முடியும்.

முடக்குவாதம், முதுகெலும்பு இறுக்க நோய் மாதிரிச் சிலவற்றுக்கு இந்த மாத்திரையை மாதக்கணக்கில் போட வேண்டியே வரும். இதைப் படித்துவிட்டு அவர்கள் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். வலியில் முடங்கிக் கிடப்பதும் உடம்புக்குக் கெடுதல்தான். டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டையையும், "எப்பவும் சாப்பிடறது" உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் கொட்டுங்கள். ஜெல், நாட்டு மருந்து, கேஸ் மாத்திரை எல்லாம் சேர்த்துத்தான். பிரஷர், கிரியாட்டினின், ரத்தத்தில் ஹீமோகுளோபின், இந்த மூன்றையும் பார்த்துவிடலாமா என்று நீங்களே கேளுங்கள். வயிற்றில் தெரியாமல் ரத்தம் கசிந்தால் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும். மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் ஒரு தடவை, அப்புறம் டாக்டர் சொல்கிற இடைவெளியில் பார்க்க வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைகளுக்குக் கட்டணம் கிடையாது.